பாலத்தூண் – அடித்தள இணைப்பு (நிலநடுக்கப் பொறியியல்)

பாலத்தூண் – அடித்தள இணைப்பு என்பது கற்காரைப் (காங்கிரீட்) பாலம் ஒன்றின் தூணும் அதன் அடித்தளமும் சந்திக்கும் பகுதியாகும். பாலத்தின் எடையையும் அதன் மேல் செல்லும் ஊர்திகளின் எடையையும் நிலத்துக்குக் கடத்துவது இதன் அன்றாடப் பணி. நிலநடுக்கத்தின்போது நிலத்தின் அசைவு இந்த இணைப்பின் வழியாகவே மேலேறுகிறது; பாலத்தின் பொருண்மை அதற்குக் காட்டும் எதிர்ப்பும் இதன் வழியாகவே கீழிறங்குகிறது. எனவே பாலத்தில் மிகப் பெரிய வளைவுத் திருப்புமை ஏற்படும் இடங்களுள் இது முதன்மையானது.

இந்த இணைப்பு பெரும்பாலும் மண்ணுக்கடியிலோ நீருக்கடியிலோ இருக்கும். அதில் ஏற்படும் விரிசல் பாலத்தைச் சுற்றிப் பார்ப்பவரின் கண்ணுக்குத் தெரியாது. இதனால் தற்கால நிலநடுக்கப் பொறியியல் ஓர் அடிப்படை விதியைக் கடைப்பிடிக்கிறது: சேதம் தவிர்க்க முடியாதது எனில், அது கண்ணுக்குத் தெரியும் தூணின் அடிப்பகுதியில் ஏற்பட வேண்டும், அடித்தளமும் இணைப்பும் சேதமின்றி இருக்க வேண்டும்.

அமைப்பு

இந்தியாவில் பாலத்தூண்கள் பொதுவாக மூன்று வகை அடித்தளங்களின் மேல் எழுப்பப்படுகின்றன.

1. திறந்த அடித்தளம்: பாறை அல்லது கடினமான மண் ஆழமின்றிக் கிடைக்கும் இடங்களில் தோண்டி அமைக்கப்படும் அகன்ற கற்காரைப் பாளம். தூணின் நெடுக்குக் கம்பிகள் நேரடியாக இப்பாளத்துக்குள் இறங்கும்.

2. பைல் அடித்தளம்: நிலத்தினுள் ஆழமாக இறக்கப்பட்ட கற்காரைத் தூண்களே பைல்கள். பல பைல்களின் தலைகளை ஒன்றாகப் பிணைக்கும் தடித்த கற்காரைக் கட்டை பைல் கேப் எனப்படும். இங்கு தூணுக்கும் பைல் கேப்புக்கும் இடையே ஓர் இணைப்பும், பைல் கேப்புக்கும் பைல்களுக்கும் இடையே மற்றோர் இணைப்பும் உள்ளன.

3. கிணற்று அடித்தளம்: கிணற்று உறை போன்ற கற்காரைக் கூட்டின் உள்ளிருந்து மணலை அள்ளி, அக்கூட்டை அதன் எடையாலேயே கீழே இறக்கி அமைக்கப்படுவது. மணற்பாங்கான ஆற்றுப்படுகைகளில் இம்முறை நீண்டகாலமாக வழக்கில் உள்ளது. கிணற்றின் வாயை மூடும் தடித்த கற்காரை மூடியின் மேல் தூண் எழுகிறது.

மூன்று வகைகளிலும் இணைப்பின் உயிர்நாடி கம்பியே ஆகும். கற்காரை அமுக்கத்தை நன்கு தாங்கும், இழுவிசையைத் தாங்காது. தூண் ஒரு பக்கம் சாயும்போது மறுபக்கக் கம்பிகள் அடித்தளத்திலிருந்து பிடுங்கப்படுவதற்கு ஒப்பான இழுவிசைக்கு உள்ளாகின்றன. அந்த இழுவிசையை எதிர்த்து நிற்கும் அளவுக்குக் கம்பிகள் அடித்தளக் கற்காரையில் ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும். இந்த ஆழம் நங்கூர நீளம் எனப்படுகிறது. ஐ.எஸ். 456:2000 நெறியின் சூத்திரப்படி, எம்30 தரக் கற்காரையில் எஃப்.ஈ. 500 தர முறுக்குக் கம்பி ஒன்றின் விட்டம் 32 மி.மீ. எனில் அதற்கு ஏறத்தாழ 1,450 மி.மீ. நங்கூர நீளம் தேவை. நிலநடுக்கத்தின்போது கம்பி மாறி மாறி இழுக்கப்பட்டும் அமுக்கப்பட்டும் கற்காரையுடனான பிடிப்பை இழப்பதால், இந்நீளத்தைச் சற்று கூட்டியே வைப்பர்.

நிலநடுக்கத்தின்போது செயற்படும் விசைகள்

பாலத்தின் பொருண்மையில் பெரும்பகுதி அதன் மேற்தளத்தில் உள்ளது. நிலம் திடீரென நகரும்போது மேற்தளம் தன் நிலைமத்தால் பின்தங்குகிறது. இதனால் தூணின் உச்சியில் கிடைவிசை ஒன்று செயற்படுவது போன்ற விளைவு தோன்றுகிறது. இவ்விசையைத் தூணின் உயரத்தால் பெருக்கினால் தூணின் அடியிலுள்ள திருப்புமை கிடைக்கும்.

பெரும் நிலநடுக்கம் ஒன்றை எந்தச் சேதமும் இன்றித் தாங்கும்படி ஒவ்வொரு பாலத்தையும் கட்டுவது பெரும்பாலும் செலவு மிக்கது. ஆகவே தூணின் அடியில் உள்ள கம்பிகள் நெகிழ்ந்து நீள்வதற்குப் பொறியாளர்கள் இடமளிக்கின்றனர். கதவின் கீல் போல அப்பகுதி சிறிது திரும்பி, நிலநடுக்கத்தின் ஆற்றலை உட்கொள்கிறது. இப்பகுதி குழைவுக்கீல் எனப்படுகிறது. உடையாமல் நீளும் இத்தன்மைக்கு நீட்டுமை என்று பெயர். நெருக்கமான வளையக் கம்பிகளால் சூழப்பட்ட கற்காரை மட்டுமே போதிய நீட்டுமை உடையது.

எளிய எடுத்துக்காட்டு

கணக்கை விளக்குவதற்காக ஒரு கற்பனைத் தூணைக் கொள்வோம். தூணும் அது தாங்கும் மேற்தளமும் சேர்ந்து 6,000 கிலோநியூட்டன் (ஏறத்தாழ 600 டன்) எடையுள்ளவை. பைல் கேப்பின் மேற்பரப்பிலிருந்து 8 மீட்டர் உயரத்தில் கிடைவிசை செயற்படுகிறது. வடிவமைப்புக் கிடைவிசை எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1,200 கிலோநியூட்டன்.

தூணின் அடியில் திருப்புமை: 1,200 × 8 = 9,600 கிலோநியூட்டன் மீட்டர்.

தூண் சரியாக இந்த அளவுக்கு வடிவமைக்கப்பட்டது என்க. நடைமுறையில் கம்பியின் வலிமை குறிப்பிட்ட அளவைவிடக் கூடுதலாக இருக்கும். நீளும்போது அது மேலும் வலுவடையும். கற்காரையும் நாளடைவில் இறுகும். எனவே தூண் உண்மையில் செலுத்தக்கூடிய திருப்புமை கணக்கிட்டதைவிட அதிகம். இதற்கான மிகைவலிமைக் காரணி, கற்காரைத் தூண்களுக்கு ஐரோப்பிய நெறியான யூரோகோடு 8இல் 1.35 ஆகவும், கலிபோர்னியாவின் போக்குவரத்துத் துறையான கால்டிரான்சின் நெறியில் 1.2 ஆகவும் உள்ளது. 1.35 எனக் கொண்டால்:

தூணடித் திருப்புமை: 9,600 × 1.35 = 12,960 கிலோநியூட்டன் மீட்டர்.
கிடைவிசை: 1,200 × 1.35 = 1,620 கிலோநியூட்டன்.

பைல் கேப் 5.4 மீட்டர் சதுரமும் 1.8 மீட்டர் தடிப்பும் கொண்டது எனில், பைல் தலைகளின் மட்டத்தில் திருப்புமை 12,960 + (1,620 × 1.8) = 15,876 கிலோநியூட்டன் மீட்டர். கேப்பின் கீழ் 3.6 மீட்டர் இடைவெளியில் நான்கு பைல்கள் உள்ளன எனில், இத்திருப்புமையால் ஒரு பக்கத்து இரு பைல்கள் ஒவ்வொன்றிலும் 2,205 கிலோநியூட்டன் மேல்நோக்கிய இழுப்பும், மறுபக்கத்து இரு பைல்கள் ஒவ்வொன்றிலும் அதே அளவு கூடுதல் அமுக்கமும் ஏற்படும். பைல் கேப்பின் எடையையும் சேர்த்து ஒரு பைல் சுமக்கும் நிலையான எடை ஏறத்தாழ 1,828 கிலோநியூட்டன். ஆக ஒரு பக்கப் பைல்கள் ஒவ்வொன்றிலும் 377 கிலோநியூட்டன் இழுவிசை எஞ்சுகிறது. மறுபக்கப் பைல்கள் ஒவ்வொன்றும் 4,033 கிலோநியூட்டன் சுமக்கின்றன. பைல் தலைகளில் தோன்றும் வளைவைச் சேர்த்தால் இவை மேலும் கூடும்.

ஆண்டுக்கணக்கில் அமுக்கத்தை மட்டுமே அறிந்த ஒரு பைல் சில வினாடிகளுக்கு மேல்நோக்கி இழுக்கப்படுகிறது என்பதே இக்கணக்கு காட்டும் செய்தி. எடையை மட்டும் கருதி வடிவமைத்தவர் பைல் கம்பிகளை கேப்பினுள் சிறிதளவே நீட்டியிருந்தால் இணைப்பு அங்கே பிரிந்துவிடும்.

சேத வகைகள்

கம்பி பிடுங்கப்படல்: நங்கூர நீளம் போதாதபோது தூணின் கம்பிகள் அறுபடாமலேயே அடித்தளத்திலிருந்து உருவிக்கொண்டு வெளிவரும்.

இணைப்பின் நறுக்குவிசைத் தகர்வு: தூணின் கம்பிகள் மேலே இழுக்க, மறுபக்கக் கற்காரை கீழே அமுக்க, இவற்றிடையே உள்ள அடித்தளப் பகுதி மூலைவிட்டமாகப் பிளக்கும். கம்பியின் கீழ்முனைக் கொக்கி எத்திசையில் வளைந்துள்ளது என்பது இங்கு முக்கியமானது. கொக்கிகள் தூணின் மையத்தை நோக்கி உட்புறமாக வளைந்திருந்தால், எதிர்ப்பக்கத்திலிருந்து சாய்வாக இறங்கும் அமுக்கவிசை கொக்கியின் வளைவில் வந்து தாங்கும். வெளிப்புறமாக வளைந்திருந்தால் அத்தாங்கல் கிடைக்காது. வெளிப்புறம் வளைத்த கம்பிக்கூட்டைக் கீழ்வலையின் மேல் நிறுத்துவது எளிது என்பதால் பல பழைய பாலங்களில் கொக்கிகள் வெளிநோக்கியே உள்ளன.

அடித்தளத்தின் மேற்பரப்பு விரிசல்: பழைய அடித்தளங்கள் பலவற்றில் கீழ்ப்பகுதியில் மட்டுமே கம்பிவலை இருக்கும். பைல்கள் இழுவிசைக்கு உள்ளாகும்போது அடித்தளம் தலைகீழாக வளைந்து, கம்பியில்லாத மேற்பரப்பு பிளக்கும்.

பைல் தலைச் சேதம்: பைல் கேப்புக்குச் சற்றுக் கீழே பைலின் வளைவு உச்சமடைகிறது. மென்மையான மண்ணும் கடினமான மண்ணும் சந்திக்கும் ஆழத்திலும் பைல் உடையலாம்.

மண் நீர்மமாதல்: நீர் நிறைந்த தளர்ந்த மணல் அதிர்வின்போது வலிமையிழந்து குழம்பு போலாகும். அப்போது பைல் பக்கத் துணையை இழக்கிறது. இணைப்பின் மீதான திருப்புமை கூடுகிறது.

வரலாற்று நிகழ்வுகள்

சான் பெர்னாண்டோ, 1971: பெப்ரவரி 9 அன்று கலிபோர்னியாவில் ஏற்பட்ட இந்நிலநடுக்கத்தின் அளவு 6.6. அன்றைய வழக்கப்படி பாலத்தூண்களில் ஏறத்தாழ 13 மி.மீ. வளையக் கம்பிகள் 300 மி.மீ. இடைவெளியில் மட்டுமே இடப்பட்டிருந்தன. சில தூண்களில் நெடுக்குக் கம்பிகள் அடித்தளத்திலிருந்து உருவிக்கொண்டு வந்தன. பாலங்களுக்கான நிலநடுக்க நெறிகள் அடியோடு திருத்தப்பட இந்நிகழ்வு காரணமாயிற்று.

லோமா பிரியெட்டா, 1989: அக்டோபர் 17 அன்று ஏற்பட்ட, 6.9 அளவுள்ள இந்நிலநடுக்கத்தில் ஓக்லாந்து நகரின் சைப்ரசு இரட்டை அடுக்கு மேம்பாலம் இடிந்து 42 பேர் இறந்தனர். தூணும் குறுக்குச் சட்டமும் சேரும் இணைப்புகளில் வளையக் கம்பிகள் போதாமையே தகர்வுக்கு முதன்மைக் காரணம். மென்மையான களிமண்ணின் மேல் நின்ற பகுதி விழுந்தது. அதே வடிவமைப்புடன் உறுதியான மண்ணின் மேல் நின்ற பகுதி நிலைத்தது. இணைப்பு வேறு, மண் வேறு எனப் பிரித்துப் பார்க்க இயலாது என்பதற்கு இது நன்கறியப்பட்ட சான்றாகும்.

கோபே, 1995: சனவரி 17 அன்று சப்பானில் ஏற்பட்ட, 6.9 அளவுள்ள நிலநடுக்கத்தில் ஆன்சின் விரைவுச்சாலையின் 635 மீட்டர் நீளப் பகுதி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. அங்கு உடைந்தவை தூண்களே. நிலத்தடியில் மறைந்திருந்த பைல்களின் நிலையை அறியத் துளையிட்டு, அதனுள் ஒளிப்படக் கருவியை இறக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

பூச், 2001: சனவரி 26 அன்று குசராத்தில் ஏற்பட்ட, 7.7 அளவுள்ள நிலநடுக்கத்தில் 13,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கச்சுப் பகுதியைச் சௌராட்டிரத்துடன் இணைக்கும் சூரச்பாரிப் பாலங்கள் சேதமடைந்தமையால் சாலைப் போக்குவரத்து தடைபட்டது. மீட்புக் குழுக்கள் செல்ல வேண்டிய வழியே பாதிக்கப்பட்டமை, பாலத்தின் தாங்குதிறன் உயிர்காப்புடன் நேரடியாகத் தொடர்புடையது என்பதை உணர்த்தியது.

அந்தமான், 2002 – 2009: நடு அந்தமானையும் வட அந்தமானையும் இணைத்த 268 மீட்டர் நீளச் செங்கப்பா பாலத்தின் மேற்தளம் 2002, 2004 ஆண்டுகளின் நிலநடுக்கங்களில் தூண்களின் மேல் இடம்பெயர்ந்தது. 2009 ஆகஸ்டில் ஏற்பட்ட, 7.5 அளவுள்ள நிலநடுக்கத்தில் மூன்று கண்கள் கடலில் விழுந்தன. இங்கு தோற்றது தூணின் அடி இணைப்பு அன்று. மேற்தளத்துக்கும் தூணுக்கும் இடையிலான இணைப்பே. விசை செல்லும் பாதையில் உள்ள எந்த ஒரு கண்ணி வலுவற்றதாயினும் பாலம் தோற்கும் என்பதை இது காட்டுகிறது.

வடிவமைப்பு நெறி

மேற்கண்ட படிப்பினைகளின் அடிப்படையில் உருவானது கொள்திறன் வடிவமைப்பு முறை. இதில் பொறியாளர் முதலில் சேதம் எங்கு நிகழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறார். அவ்விடத்துக்கு நீட்டுமை அளிக்கிறார். பிறகு அவ்விடம் செலுத்தக்கூடிய மிக உயர்ந்த விசையைக் கணக்கிட்டு, மற்ற உறுப்புகள் அனைத்தையும் அதைவிட வலுவாக அமைக்கிறார். மேலுள்ள எடுத்துக்காட்டில் அடித்தளத்தை 9,600க்கு அன்றி 12,960க்கு வடிவமைப்பது இம்முறையே.

நியூசிலாந்தைச் சேர்ந்த நைச்சல் பிரீசிட்லி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1990களில் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பெரிய அளவிலான தூண் – அடித்தள மாதிரிகளைச் சோதித்து, இணைப்பினுள் விசைகள் செல்லும் பாதைகளைத் தெளிவாக்கினர். அயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியராகப் பணியாற்றிய சிறீ சிறீதரன் கற்காரைப் பால இணைப்புகளுக்கான எளிமையான வடிவமைப்பு முறைகளை உருவாக்கியவர்களுள் ஒருவர். கம்பிகளை அளவின்றித் திணித்தால் கற்காரை இடுக்குகளில் இறங்காது, தேன்கூடு போன்ற வெற்றிடங்கள் தோன்றும். எனவே விசைப் பாதையை அறிந்து தேவையான இடத்தில் மட்டும் கம்பி இடுவதே இவ்வாய்வுகளின் பயன்.

இந்திய நெறிமுறைகள்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1893 நெறி நிலநடுக்க விசைகளை வரையறுக்கிறது. பாலங்களுக்கென அதன் மூன்றாம் பகுதி 2014இல் வெளியானது. இந்திய சாலைப் பேராயம் ஐ.ஆர்.சி. எஸ்.பி. 114 என்னும் சாலைப் பால நிலநடுக்க வடிவமைப்பு வழிகாட்டியை 2018இல் வெளியிட்டது. கட்டடங்களுக்கான நீட்டுமை நெறியான ஐ.எஸ். 13920, தூண் அடித்தளத்தில் முடியும் இடத்தில் சிறப்பு வளையக் கம்பிகள் அடித்தளத்தினுள்ளும் குறைந்தது 300 மி.மீ. தொடர வேண்டும் என்கிறது. அவ்வளையங்களின் இடைவெளி 100 மி.மீ.க்கு மிகக்கூடாது, அவற்றின் முனைகள் 135 பாகை வளைந்து கற்காரையின் உட்பகுதியில் பதிய வேண்டும். 90 பாகை மட்டும் வளைத்த வளையம், வெளிக்கற்காரை உதிர்ந்ததும் விரிந்துவிடும்.

நெய்வேலி வட்டாரம்

தமிழ்நாடு பெரும் நிலநடுக்கப் பகுதி அன்று. ஐ.எஸ். 1893 நெறியின் 2002 வரைபடம் மாநிலத்தை 2, 3 ஆகிய மண்டலங்களில் வைத்தது. ஆயினும் 1900 பெப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட 5.5 அளவுள்ள நிலநடுக்கம் தமிழகக் கடலோர மாவட்டங்களில் உணரப்பட்டது. மிகக் குறைந்த இடர் கொண்டதாகக் கருதப்பட்ட முதலாம் மண்டலத்தில் இருந்த மகாராட்டிரத்தின் கில்லாரியில், 1993 செப்டம்பர் 30 அன்று ஏற்பட்ட நிலநடுக்கம் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. 2002 திருத்தத்தில் முதலாம் மண்டலமே நீக்கப்பட்டது.

கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி, 1956இல் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தைச் (2016 முதல் என்.எல்.சி. இந்தியா நிறுவனம்) சுற்றி அமைந்த நகரியமாகும். விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் வழியே தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலை இப்பகுதியைத் தொட்டுச் செல்கிறது. தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய ஆறுகள் இப்பகுதியை வெளியிடங்களிலிருந்து பிரிப்பதால், பாலங்கள் இன்றிப் போக்குவரத்து இல்லை.

இவ்வட்டாரத்தில் சில மைல்களுக்குள் மண் வெகுவாக மாறுபடுகிறது. நெய்வேலி அமைந்துள்ள செம்மண் மேட்டுநிலத்தின் அடியில் கடலூர் மணற்கல் படிவங்கள் உள்ளன. கிழக்கே கடற்கரை நோக்கிச் செல்லச் செல்ல, ஆறுகள் கொண்டுவந்த வண்டலும் நீர் நிறைந்த மணலும் காணப்படுகின்றன. மேட்டுநிலத்தில் திறந்த அடித்தளம் போதுமான இடங்கள் உண்டு. ஆற்றுப்படுகையில் பைலோ கிணறோ தேவை. மணற்படுகையில் வெள்ள அரிப்பு அடித்தளத்தைச் சுற்றியுள்ள மண்ணை அகற்றும்போது, தூணின் செயலுறு உயரமும் இணைப்பின் மீதான திருப்புமையும் கூடுகின்றன. எனவே இங்குள்ள பாலங்களில் அரிப்பையும் நிலநடுக்கத்தையும் சேர்த்தே கருத வேண்டும். சுரங்கம் வெட்டியபின் மேல்மண்ணால் மீள நிரப்பப்பட்ட நிலத்தில் எழுப்பப்படும் எந்தக் கட்டமைப்புக்கும், நிரப்பு மண்ணின் சீரற்ற அமிழ்வு கூடுதல் சிக்கலாகும்.

சென்னைத் தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில், கட்டமைப்பு மாதிரிகளை நிலநடுக்க அசைவுக்கு உட்படுத்தும் நடுக்க மேசைகள் உள்ளன.

பழைய பாலங்களை வலுப்படுத்தல்

அடித்தளத்தின் மேல் புதிய கம்பிவலையுடன் கூடுதல் கற்காரை அடுக்கு இடுதல், அடித்தளத்தை அகலப்படுத்திப் புதிய பைல்கள் சேர்த்தல், தூணைச் சுற்றி எஃகு உறை அணிவித்தல் ஆகியவை பரவலான முறைகள். கலிபோர்னியாவில் எஃகு உறையின் கீழ்முனைக்கும் அடித்தளத்துக்கும் இடையே ஏறத்தாழ 50 மி.மீ. இடைவெளி விடுவர். உறை அடித்தளத்தில் ஊன்றினால் தூண் தேவைக்கு மேல் வலுவடைந்து, சேதத்தைக் கீழே தள்ளிவிடும். தூணை மட்டும் வலுப்படுத்தி அடித்தளத்தை மறந்தால், கண்ணுக்குத் தெரியும் சேதம் கண்ணுக்குத் தெரியாத சேதமாக மாறும்.

மாற்று அணுகுமுறை

இணைப்பை இறுகப் பிணைக்காமல் தூணைச் சற்றே தூக்க விடும் முறையும் உண்டு. நியூசிலாந்தில் 1981இல் திறக்கப்பட்ட தெற்கு இராங்கிடிக்கி தொடர்வண்டிப் பாலத்தின் உயர்ந்த தூண்கள், நிலநடுக்கத்தின்போது ஒரு காலை மாற்றி மறுகாலைத் தூக்கும்படி அமைக்கப்பட்டுள்ளன. எஃகுத் தணிப்பிகள் இவ்வசைவைக் கட்டுப்படுத்தி ஆற்றலை உட்கொள்கின்றன.

கட்டுமானக் கண்காணிப்பு

கற்காரை ஊற்றி மண் மூடியபின் இந்த இணைப்பைத் திறந்து பார்ப்பது அரிது. எனவே கற்காரை ஊற்றுவதற்கு முன் செய்யும் சோதனையே பெரும்பாலும் இறுதிச் சோதனையாகிறது. தூண் கம்பிகள் கீழ்வலை வரை இறங்கியுள்ளனவா, கொக்கிகள் எத்திசையில் உள்ளன, வளையங்கள் அடித்தளத்தினுள்ளும் தொடர்கின்றனவா, பைல் தலையின் தரமற்ற மேற்கற்காரை உடைத்து நீக்கப்பட்டதா, பைல் கம்பிகள் கேப்பினுள் போதிய அளவு நீண்டுள்ளனவா ஆகியவை அப்போது சரிபார்க்கப்பட வேண்டியவை.

இவற்றையும் பார்க்கவும்

நிலநடுக்கப் பொறியியல்
வலுவூட்டப்பட்ட கற்காரை
மண் நீர்மமாதல்
நெய்வேலி